கதையும் கணக்கும்

பழனிசெட்டிபட்டியை ஒட்டி ஓடும் ஆற்று நீரின் பெரும்பகுதி, இயற்கையின் போக்கில் விட்டிருந்தால் அரபிக் கடலைச் சேர்ந்திருக்கும். மேற்கு நோக்கிப் பாய்ந்த பெரியாற்றை அணையிட்டுத் தேக்கி, மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கிற்குத் திருப்பிய பணி 1887இல் தொடங்கி 1895இல் நிறைவுற்றது. அதனை முன்னின்று நடத்திய பொறியாளர் ஜான் பென்னிகுவிக். தேனி மாவட்டத்து வீடுகள் பலவற்றில் சாமி படங்களோடு அவர் படமும் மாட்டப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயர் இடப்படுகிறது. அவர் பிறந்த நாளாகிய சனவரி 15இல் பாலார்பட்டி மக்கள் அவருக்குப் பொங்கலே வைக்கின்றனர்.

அவரைப் பற்றி இங்கு வழங்கும் கதை எல்லாரும் அறிந்ததே. கட்டிய அணையை வெள்ளம் அடித்துச் சென்றதாம், அரசு கைவிரித்ததாம், அவர் இங்கிலாந்துக்குச் சென்று, தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்றுப் பணம் கொணர்ந்து அணையை முடித்தாராம். வெள்ளம் இடையூறு செய்தது உண்மை. ஆனால், அணை சென்னை மாகாண அரசின் செலவில் கட்டப்பட்டது. சொத்து விற்றதற்கு ஆவணச் சான்று இல்லை.

அப்படியாயின் கதையைப் பொய்யென்று தள்ளிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. உழவர்க்கு நிலத்தை விற்பதினும் பெரிய இழப்பு வேறில்லை. வீட்டுப் பெண்ணின் நகை அடகுக்குப் போவது அதற்கு அடுத்த துயரம். தாம் அறிந்த மிகப் பெரிய தியாகம் எதுவோ, அதனைத் தம் நன்றிக்குரியவர்மீது ஏற்றிச் சொன்னார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தைக் கண்ட தலைமுறையின் பிள்ளைகளுக்கு அந்த நீர் எத்தகையது என்பதை எந்த அரசுக் கோப்பும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

எனினும் கதைக்கு ஒரு குறை உண்டு. அது ஒருவரை உயர்த்தும் வேகத்தில் மற்றவற்றை மறைத்துவிடுகிறது. அமெரிக்க எல்லைப்புறக் காடுகளின் நாட்டுப்புற வீரர் டேவி கிராக்கெட்டின் வாழ்வு இதற்குச் சான்று. மூன்று வயதிலேயே கரடியைக் கொன்றவர் என்று அவரைப் பாட்டில் பாடினர். அவரோ டென்னசி மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர். பூர்வகுடிகளை அவர்தம் மண்ணிலிருந்து வெளியேற்ற வழிசெய்த 1830ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தம் கட்சித் தலைமையையும் மீறி எதிர்த்தார். அடுத்த தேர்தலில் தோற்றார். கரடி நிலைத்தது; வாக்கு மறைந்தது.

பென்னிகுவிக்கிற்கும் அதுவே நேர்ந்தது. சொத்து விற்றவர் என்ற புகழ், அவர் செய்த உண்மையான வேலையை மூடிவிட்டது. காய்ச்சல் பரவும் அடர்காட்டில், மழைக்காலம்தோறும் சீறும் ஆற்றின் குறுக்கே, சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கலவையால் 176 அடி உயர அணையை எழுப்புவது எவ்வாறு? தேங்கிய நீரை மலையைத் துளைத்து மறுபுறம் இறக்குவது எவ்வாறு? இவ்வினாக்களைக் கேட்கும் மாணவர் சிலரே. நகை விற்ற கதையோ அனைவர்க்கும் மனப்பாடம்.

இன்னும் சிலரும் மறைந்துபோயினர். இந்த ஆற்றைத் திருப்பும் எண்ணம் அவருக்கு முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு இருந்தது. பொருள் வசதி இன்மையால் கைகூடவில்லை. மலையில் கல் சுமந்து, காலராவாலும் மலேரியாவாலும் மாண்ட நூற்றுக்கணக்கான தொழிலாளர்களுக்கோ பள்ளத்தாக்கில் படமும் இல்லை, கதையும் இல்லை. அவர்களிடம் விற்பதற்கு நிலமும் இருந்திருக்காது. பாலார்பட்டியில் பொங்கும் பானைகளுள் ஒன்றை அவர்கள் பெயரால் வைத்தால், அவர்களோடு அக்காட்டில் வாழ்ந்த பென்னிகுவிக் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்.