நெய் போதாத ரவா லட்டு



தீபாவளி லீவில் இமயமலைக்கு டிரெக்கிங் போகிறோம், என்னென்ன வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வாசகர்கள் சிலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஷூ, ஜாக்கெட் பற்றி இதழின் உள்ளே தனிக் கட்டுரை இருக்கிறது. எனக்குச் சொல்லவேண்டியிருப்பது சீசனின் முதல் பனியைப் பற்றி.

2022 அக்டோபர் 4. இங்கே நாம் ஆயுத பூஜைக்குப் பொரியும் கடலையும் எடுத்துவைத்துக்கொண்டிருந்த காலையில், உத்தரகாண்டின் திரௌபதி கா தண்டா-2 சிகரத்தில் பனி சரிந்தது. உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் குழு அதில் சிக்கிக்கொண்டது. 27 உடல்கள் மீட்கப்பட்டன. அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட்டும் மகாலுவும் ஏறி முடித்திருந்த பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் அவர்களில் ஒருவர். அனுபவக் குறைவு என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

"அக்டோபர், நவம்பரில் பனி கொஞ்சம்தானே இருக்கும்?" என்கிறார்கள். கொஞ்சமாக இருப்பதிலும் ஆபத்து உண்டு. மெல்லிய பனிக்கு அடியில் தரை இன்னும் சூடு ஆறாமல் இருக்கும். மேலேயோ, வானம் தெளிந்த இரவுகளில் குளிர் கொட்டும். இந்த வித்தியாசத்தால் பனிக்குள்ளேயே ஈரம் ஆவியாகி மேலேறி மறுபடி உறைகிறது. ஒட்டுத்தன்மை போய், பனி சர்க்கரைபோலப் பரல் பரலாகிவிடுகிறது. ஒரு கை அள்ளி அழுத்திப் பாருங்கள். நெய் போதாத ரவா லட்டுபோல உதிரும். அதன்மேல் அடுத்த பனிப்பொழிவு பலகைபோலப் படிகிறது. அந்தப் பலகையில்தான் நாம் கால் வைக்கிறோம்.

காலடியில் 'தொம்' என்று அமுங்கும் சத்தம் கேட்டால், பனியில் விரிசல் ஓடினால், யோசிக்க ஒன்றுமில்லை. திரும்பிவிட வேண்டும். 30 முதல் 45 டிகிரி வரையான சரிவுகளும், காற்று பனியை வாரிக்கொண்டுவந்து குவிக்கும் மறைவுப் பக்கங்களும் மிக மோசம். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதற்குள் கை கொடுக்கக்கூடியவர்கள் உடன் நடப்பவர்கள் மட்டுமே.

வங்கக் கடலையும் கவனியுங்கள். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது ஹூட்ஹூட் புயல். இரண்டே நாளில் அதன் மிச்சம் நேபாளத்தின் அன்னபூர்ணா, தவுளகிரி பகுதிகளில் பனியாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத்துத் தோரோங் கணவாயில் நடந்துகொண்டிருந்தவர்கள் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பகுதிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கிளம்புமுன் வானிலை ஆய்வு மையத்தின் முன்னறிவிப்பைப் பாருங்கள். புதுப்பனி விழுந்தால் இரண்டு நாளாவது முகாமைவிட்டு நகராதீர்கள். ரிட்டர்ன் டிக்கெட்டை அதற்கு இடம் விட்டே போடுங்கள். கணவாயைத் தொடாமல் பாதியில் திரும்பியவர்களும் எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதங்களைத்தான் முதலில் பிரசுரிப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்