சாவி யாரிடம்?

மூன்றாமாண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



வீட்டுக்குப் புதுப் பூட்டு வாங்குகிறோம். பூட்டைக் கதவில் மாட்டிவிட்டு, சாவியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வருவோமா? மாட்டோம். ஆனால் பிராட்பேண்ட் கனெக்‌ஷன் விஷயத்தில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். மோடத்தை மாட்டிவிட்டுப் போகிறவர் வைத்த பாஸ்வேர்டுதான் வருடக்கணக்கில் இருக்கிறது. இது சரியில்லை. இதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் பாலிடெக்னிக்கில் படிக்கும் நாம்தான் என்பது என் கருத்து.

என் அனுபவத்தையே சொல்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு ஃபைபர் கனெக்‌ஷன் வந்தது. மோடம் முன்னறையில். நடுவில் தடித்த மண்சுவர். தறி இருக்கும் பின்னறையில்தான் நானும் தம்பியும் படிப்போம். அங்கே சிக்னல் எட்டவில்லை. சீனியர் ஒருவரிடம் 600 ரூபாய்க்குப் பழைய ரூட்டர் வாங்கி வந்தேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். "நம்ம பாப்பா அதுக்குத்தான படிக்குது, மாட்டிரும்" என்று அப்பா பக்கத்து வீடு வரை சொல்லிவிட்டார்.

மோடத்திலிருந்து வயரை இழுத்து ரூட்டரில் சொருகினேன். விளக்கெல்லாம் எரிந்தது. நெட் மட்டும் வரவில்லை. பதற்றத்தில் மோடத்தின் பின்னால் இருந்த சின்ன ஓட்டையில் ஊக்கை விட்டு ரீசெட் செய்தேன். அவ்வளவுதான், முன்னறையில் வந்துகொண்டிருந்த நெட்டும் போயிற்று! தம்பி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க மறுநாள் கடைசி நாள். பஸ் ஏறி பிரவுசிங் சென்டருக்கு ஓடினான்.

இரண்டு நாள் கழித்து கனெக்‌ஷன் கொடுத்த அண்ணன் வந்தார். ஐந்து நிமிட வேலை. 300 ரூபாய். ரசீது இல்லை. "என்ன பண்ணுனீங்கண்ணா?" என்றேன். "அதெல்லாம் உனக்கெதுக்கும்மா, நெட்டு வருதா பாரு" என்றார். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பையன்கள் எங்கள் நெட்டில் படம் பார்த்தார்கள். அவர்கள் வீட்டு பாஸ்வேர்டையே எங்கள் வீட்டுக்கும் போட்டுப் பார்த்தார்களாம், திறந்துகொண்டது! தெருவுக்கே ஒரே சாவி.

அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது. ஓ.எஸ்.ஐ. மாதிரியின் ஏழு அடுக்கையும் படம் போட்டு முழு மார்க் வாங்கியவள் நான்!

வெட்கத்தை விட்டு லேபில் கேட்டேன். விஷயம் இவ்வளவுதான். மோடத்துக்கும் 192.168.1.1 என்ற முகவரி, ரூட்டருக்கும் அதே முகவரி. 192.168 என்று தொடங்கும் எண்கள் வீடு, அலுவலகங்களின் உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை என்று 1996-ல் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 ஆவணம் சொல்கிறது. அதனால் பல கம்பெனிகள் அதே எண்ணைப் போட்டு அனுப்புகின்றன. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அதே குழப்பம்தான்.

தீர்வு இரண்டு. ஒன்று, ரூட்டரின் முகவரியை 192.168.2.1 என்று மாற்றிவிட்டு, மோடத்து வயரை ரூட்டரின் 'வான்' துளையில் சொருகுவது. இரண்டாவது, ரூட்டருக்கு 192.168.1.2 போல மோடம் வேறு யாருக்கும் கொடுக்காத ஓர் எண்ணைக் கொடுத்து, எண் வழங்கும் வேலையான டி.எச்.சி.பி.யை அதில் நிறுத்திவிட்டு, வயரை 'லான்' துளையில் சொருகுவது. நான் இரண்டாவதைச் செய்தேன். பின்னறையில் நெட் வந்தது. என் தப்பு ரீசெட் செய்ததுதான். பல மோடங்களில் கனெக்‌ஷனுக்குரிய பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அதோடு அழிந்துவிடும். முதலில் அவற்றைக் கேட்டு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

அடுத்தது சாவி. சாவிகள் இரண்டு. வைஃபை பாஸ்வேர்டு வாசல் சாவி. ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான பாஸ்வேர்டு பீரோ சாவி. வாசலை மாற்றிவிட்டு பீரோவை 'அட்மின்' என்றே விட்டால், உள்ளே வந்தவர் எதையும் மாற்றலாம். பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 இருக்க வேண்டும். பழைய 'வெப்' முறையின் ஓட்டை 2001-லேயே வெளிப்பட்டுவிட்டது. இன்னொன்று: 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம், சுவரைத் தாண்டுவது குறைவு. எங்கள் மண்சுவருக்கு 2.4 தான் சரி.

"அவங்க பொழப்புல மண்ணைப் போடலாமா?" என்று சிலர் கேட்கலாம். கம்பம் ஏறி, வெயிலில் ஃபைபரை இணைப்பது அந்த அண்ணன்மாரின் தொழில். அதற்குரிய கூலியை நிச்சயம் கொடுக்க வேண்டும். ஆனால் வீட்டுச் சாவி வீட்டுக்காரருடையது. சில மோடங்களின் அமைப்புப் பக்கத்தைக் கம்பெனியே பூட்டி வைத்திருக்கிறது. அங்கேயும் வைஃபை பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

நம் மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இரண்டு. லேபில் இரண்டு பழைய ரூட்டர்களை வைத்து, ஒவ்வொரு மாணவரும் கைப்பட ஒருமுறை அமைத்துப் பார்க்க வழி செய்யுங்கள். ரூட்டர் பெட்டியில் வரும் ஆங்கிலக் கையேட்டுக்குப் பதில், ஒரே பக்கத்தில் தமிழ்க் குறிப்பு ஒன்று அச்சிடுங்கள். எழுதித் தர நான் தயார்.

தோழர்களே, ஆளுக்கு ஒரு வீடு எடுத்துக்கொள்வோம். காசு வாங்க வேண்டாம். பாஸ்வேர்டை நாம் வைக்கவும் வேண்டாம். அந்த வீட்டு அக்காவையோ தாத்தாவையோ பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் கையாலேயே வைக்கச் சொல்வோம். அவர்கள் தட்டும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். எங்கள் வீட்டு பாஸ்வேர்டை வைத்தது அம்மா. இன்றுவரை பக்கத்து வீட்டுப் பையன்களால் திறக்க முடியவில்லை!