முதல் பிறந்தநாள் கேக்... குழந்தைக்கா, போட்டோவுக்கா?

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு இன்னும் சில வாரங்களில் ஒரு வயது நிறையப் போகிறதா? அப்படியென்றால் இந்நேரம் சில விஷயங்கள் முடிவாகியிருக்கும். ஃப்ளெக்ஸ் பேனரில் எந்த போட்டோ, தாய்மாமன் என்ன சீர் கொண்டு வருகிறார், கேக் என்ன கலர்? கேக்கின் கலர் பெரும்பாலும் ஃப்ளெக்ஸைப் பார்த்துத்தான் முடிவாகிறது. பேனர் நீலம் என்றால் கேக்கும் நீலம், பேனரில் யுனிகார்ன் என்றால் கேக்கில் ஏழு வண்ணம். கேக்குக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பதில்லை.

திருப்பனந்தாளை எடுத்துக்கொள்வோம். தாடகை என்ற பெண் பிள்ளை வரம் கேட்டு வழிபட்டதாகத் தலபுராணம் சொல்லும் அருணஜடேசுவரர் கோயில் இருக்கும் ஊர். இந்தப் பக்கத்தில் முதல் ஆண்டு நிறைவு என்றால் நட்சத்திரம் பார்த்து ஆயுஷ்ய ஹோமம், இல்லையென்றால் குலதெய்வம் கோயிலில் மொட்டை, மாமன் மடியில் உட்கார வைத்துக் காதுகுத்து, வடை பாயசத்தோடு பந்தி. அது இன்றும் இருக்கிறது. காலையில் கோயில், சாயங்காலம் கேக் என்று நாள் இரண்டாகப் பிரிந்துகொண்டது, அவ்வளவுதான். இரண்டில் எது உசத்தி என்று சண்டை போடும் எண்ணம் இந்தக் கட்டுரைக்கு இல்லை.

இந்த மாதிரி ஊர்களில் சாயங்கால கேக் மூன்று வழிகளில் வரும். கும்பகோணத்து பேக்கரியில் ஆர்டர் கொடுப்பது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கேக் படம் போடும் பக்கத்துத் தெரு அக்காவிடம் சொல்வது, யூடியூப் பார்த்து அம்மாவே செய்வது. 2020 ஊரடங்குக்குப் பிறகு கடைசி இரண்டும் வேகமாகப் பெருகின. 'வீட்டுல செஞ்சதுங்க' என்று சொல்லிவிட்டால் போதும், யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. அந்தச் சொல்லுக்கு அவ்வளவு நம்பிக்கை கொடுக்கலாமா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

நிறம் எங்கிருந்து வருகிறது?

2024-ல் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை 235 கேக் மாதிரிகளைச் சோதித்தது. 223 பாதுகாப்பானவை என்று தெரியவந்தது. மீதி 12-ல் செயற்கை நிறமிகள் அளவுக்கு மேல் இருந்தன. ரெட் வெல்வெட், பிளாக் ஃபாரஸ்ட் வகைகளைத்தான் அதிகாரிகள் குறிப்பாகச் சுட்டிக்காட்டினார்கள். 12 என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால், அந்த நிறமிகளின் பெயரைப் பாருங்கள்: அல்லூரா ரெட், சன்செட் யெல்லோ, பான்சியு 4ஆர், டார்ட்ராசின், கார்மோய்சின். இந்த ஐந்தும் இருக்கும் உணவுப் பொட்டலத்தில் 'குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம்' என்ற பொருளில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010-லிருந்தே கட்டாயமாக்கியிருக்கிறது. 2007-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் சிறுவர்களிடம் நடத்திய ஆய்வுதான் அதற்குத் தூண்டுதல்.

நம் ஊரிலும் நிறம் செய்தியானது. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்ற சாயம் இருப்பது தெரிந்து பஞ்சுமிட்டாய்க்குத் தமிழக அரசு தடை போட்டது. ரோடமின்-பி துணிக்குப் போடும் சாயம், உணவில் சேர்க்கவே கூடாதது. கேக் நிறமிகள் அப்படியில்லை, அவற்றில் பெரும்பாலானவை அளவோடு அனுமதிக்கப்பட்டவை. சிக்கல் அந்த 'அளவோடு' என்பதில்தான் இருக்கிறது. பாட்டிலைச் சாய்த்து, 'இன்னும் கொஞ்சம் டார்க்கா வேணும்' என்று சொட்டு விடும் சமையலறையில் யார் அளந்து பார்க்கிறார்கள்? பேக்கரிக்காரர் வாங்கும் அதே ஜெல் கலரைத்தான் வீட்டில் செய்பவரும் வாங்குகிறார். சமையலறை மாறியதால் பாட்டிலுக்குள் இருப்பது மாறிவிடாது.

'ஒரு வயசு ஆயிடுச்சுல்ல...'

நிறத்தைவிடப் பெரிய விஷயம் சர்க்கரை. சாதாரணமாக ஒரு கப் மைதாவுக்கு முக்கால் கப்பாவது சர்க்கரை போடுவார்கள். கிட்டத்தட்ட 150 கிராம். மேலே பூசும் கிரீமில் இருப்பது தனிக்கணக்கு. 'நாங்க எக்லெஸ்தான், கண்டென்ஸ்டு மில்க் ஊத்தி செஞ்சோம்' என்றால், அந்த டின்னிலும் பாதிக்கு நெருக்கமாகச் சர்க்கரைதான்.

சர்க்கரை, உப்பு, டிரான்ஸ் கொழுப்பு அதிகமுள்ள உணவுகளை 6 மாதம் முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட இணை உணவு வழிகாட்டுதல். கவனியுங்கள், 12 மாதம் இல்லை, 23 மாதம். அதாவது இரண்டாவது பிறந்தநாள் வரை.

இது வெறும் எச்சரிக்கைப் பேச்சு இல்லை என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு விசித்திரமான சான்று கிடைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கே சர்க்கரைக்கு ரேஷன் இருந்தது. 1953 செப்டம்பரில் அது விலக்கப்பட்டதும் மக்கள் சாப்பிடும் சர்க்கரை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்களை, அவர்களுடைய ஐம்பது அறுபது வயதில் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். கருவில் இருந்தபோதும் முதல் இரண்டு வயதிலும் ரேஷன் சர்க்கரையில் வளர்ந்தவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவிகிதமும், ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு சுமார் 20 சதவிகிதமும் குறைவாக இருந்தன. 2024-ல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது. நம் பக்கம் திரும்பினால், 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் - இண்டியாப் ஆய்வு தமிழ்நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 14.4 சதவிகிதம் என்றது. தேசிய சராசரி 11.4.

'அட, ஒரு நாள்தானே, கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாது' என்று பாட்டி சொல்வார். பாட்டி சொல்வது சரி. ஒரு ஸ்பூன் கிரீமால் யாருக்கும் சர்க்கரை நோய் வராது. சிக்கல் மறுநாள் தொடங்குகிறது. மிச்சம் இருக்கும் கேக் நாலு நாள் ஃப்ரிட்ஜில் இருக்கும். 'அன்னிக்கே சாப்புட்டானே' என்று பிஸ்கட், சாக்லேட், ஜூஸ் எல்லாம் வரிசையாக உள்ளே வரும். ஒரு வருடமாக நீங்கள் 'வேணாம் அத்தை' என்று தடுத்துக்கொண்டிருந்த அத்தனைக்கும் முதல் பிறந்தநாள் ஒரு அனுமதிச் சீட்டு மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு வயது வரை நீள வேண்டிய கட்டுப்பாடு, பாதி வழியில் மெழுகுவத்தியோடு அணைந்து போகிறது. வீட்டில் கேக் செய்வதற்கு உண்மையான காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. மிச்சம் பிடிக்கும் காசோ, போட்டோவுக்கு வரும் லைக்கோ இல்லை. குழந்தைக்குத் தனியாக, ஊருக்குத் தனியாக என்று இரண்டு கேக் செய்ய வீட்டில்தான் சுலபம்.

குழந்தையின் கேக்குக்கு ஓவன்கூட வேண்டாம், இட்லிப் பானை போதும். ஒரு கப் கோதுமை மாவு (பாதி கேழ்வரகு மாவும் சேர்க்கலாம்), நன்றாகக் கனிந்த பூவன் பழம் நாலைந்து மசித்தது, புளிக்காத தயிர் அரை கப், உருக்கிய வெண்ணெய் கால் கப், பேக்கிங் பவுடர் முக்கால் டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன். தேவையான பால் விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் கலந்து, நெய் தடவிய சின்னக் கிண்ணத்தில் பாதி வரை ஊற்றி மூடி 20 நிமிடம் ஆவியில் வேக வையுங்கள். குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். மீதி மாவை இட்லித் தட்டில் ஊற்றிவிடலாம், அதற்கு 12 நிமிடம் போதும். மேலே பூச, துணியில் கட்டி நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வடிய விட்ட கெட்டித் தயிர். துளி பீட்ரூட் சாறு விட்டால் ரோஸ். டெல்டா வெயிலில் தயிர் சீக்கிரம் புளிக்கும், வெட்டுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் பூசுங்கள்.

இதில் கருப்பட்டி சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். கோயிலின் தல விருட்சமே பனை, ஊர்ப் பெயரிலும் பனை. கேட்கத்தான் தோன்றும். ஆனால் கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் எல்லாமே சேர்த்த சர்க்கரைக் கணக்கில்தான் வரும். 'ஹெல்த்தி கேக்' என்று விற்கப்படுபவற்றில் பாதி இந்தக் கருப்பட்டி நம்பிக்கையில்தான் ஓடுகிறது. பெரியவர்கள் கேக்கில் தாராளமாகப் போடுங்கள். குழந்தைக்குப் பழத்தின் இனிப்பே போதும்.

ஊருக்கான கேக்கை வழக்கமான சர்க்கரை போட்டே செய்யலாம். ஓவன் இல்லாதவர்கள் குக்கரில் கல்லுப்பு பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, 10 நிமிடம் சூடாக்கி, சிறு தீயில் 40 முதல் 50 நிமிடம் வைக்கிறார்கள். இதற்குப் புதுக் குக்கரை எடுக்க வேண்டாம். தண்ணீர் இல்லாத சூடு அதைக் கெடுத்துவிடும். அடிகனமான பழைய பாத்திரமும் தட்டும் போதும். இந்த வெயிலில் கரையாமல் நிற்கும் கிரீம் என்று விற்பது பெரும்பாலும் பால் சேராத, தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீம். உணவில் சேரும் எண்ணெய், கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் இருக்கிறது. பாக்கெட்டைத் திருப்பிப் படித்து வாங்குங்கள். பச்சை முட்டை வெள்ளைக்கருவை அடித்துப் பூசும் ரெசிப்பிகளையும் விட்டுவிடுங்கள். பச்சை முட்டை மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்ததன் காரணமான கிருமி ஆபத்து இங்கேயும் உண்டு.

இன்னொன்று, கொண்டாட்டப் பரபரப்பில் யாருக்கும் தோன்றாதது. முட்டை, வேர்க்கடலை, முந்திரி என எதுவாக இருந்தாலும் குழந்தை முதன்முதலாகச் சாப்பிடும் நாள் பிறந்தநாளாக இருக்கக் கூடாது. அலர்ஜி என்றால் தடிப்பு, வாந்தி எல்லாம் பெரும்பாலும் சீக்கிரமே தெரியும். ஆனால், நாற்பது பேர் மாறி மாறித் தூக்கும் கூட்டத்தில் யார் கவனிப்பது? சில வாரங்களுக்கு முன்பே, வீட்டில் இருக்கும் ஒரு பகல் வேளையில் கொடுத்துப் பாருங்கள். கேக் மேல் ஒட்டும் வெள்ளி மணிகள், முழு முந்திரி, ஜெல்லி எதுவும் குழந்தை கை எட்டும் இடத்தில் வேண்டாம். தொண்டையில் சிக்கும்.

அந்தப் பக்கத்துத் தெரு அக்கா

வீட்டில் செய்ய நேரமில்லை, அக்காவிடம்தான் சொல்லப்போகிறீர்கள் என்றால் அதில் தப்பே இல்லை. உங்களுக்காக மட்டும் ஒரு கேக் செய்கிறவரிடம் 'கலர் வேண்டாம், குழந்தைக்குத் தனியாகச் சர்க்கரை இல்லாமல் சின்னதா ஒண்ணு' என்று பேசி வாங்க முடியும். பேக்கரி கவுன்ட்டரில் அது கஷ்டம். ஒன்று மட்டும் கேளுங்கள், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ பதிவு இருக்கிறதா என்று. வீட்டிலிருந்து விற்றாலும் பதிவு கட்டாயம். சிறிய அளவில் விற்பவர்களுக்குப் பெரிய உரிமம் தேவையில்லை, ஆன்லைனில் அடிப்படைப் பதிவு போதும். 14 இலக்க எண் வரும். இல்லை என்றால் கோபித்துக்கொள்ளாமல் பதிவு செய்யச் சொல்லுங்கள். நாளைக்குப் பிரச்னை என்று வந்தால் அது அவருக்கும் பாதுகாப்பு.

அவருக்கு இப்போது காலம் கொஞ்சம் கஷ்டம்தான். 2025 செப்டம்பர் 22 முதல் கேக் மீதான ஜி.எஸ்.டி 18-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால், ஜி.எஸ்.டி வரம்புக்குள் வராத வீட்டுத் தயாரிப்பாளருக்கு அதுவரை பேக்கரியோடு ஒப்பிட்டால் இருந்த விலை அனுகூலம் அதோடு சுருங்கிவிட்டது. வெண்ணெய், கண்டென்ஸ்டு மில்க் 12-லிருந்து 5-க்கும், சாக்லேட், கோகோ 18-லிருந்து 5-க்கும் இறங்கியதில் கொஞ்சம் ஈடாகலாம். விலையில் பேக்கரியோடு மோதுவதைவிட, பேக்கரி செய்யாத இந்த 'குழந்தை கேக்'கைச் செய்வதில்தான் அவருக்கு வழி இருக்கிறது என்று படுகிறது. நீங்கள் கேட்டால்தான் அவர் செய்வார்.

கடைசியாக, நேரம். அழைப்பிதழில் மாலை 6.30 என்று போட்டு, சென்னையிலிருந்து வரும் மாமா அணைக்கரை தாண்டிவிட்டாரா என்று போன் போட்டு, எட்டரைக்கு வெட்டும்போது குழந்தை அழுது ஓய்ந்து தூங்கியிருக்கும். எழுப்பிக் கையில் கத்தி கொடுப்பார்கள். வேண்டாம். சாயங்காலம் தூங்கி எழுந்ததும், ஐந்து மணிக்கே அந்தக் கிண்ணக் கேக்கை முன்னால் வைத்துவிடுங்கள். கையை விட்டுப் பிசையட்டும். பெரிய கேக்கை மாமா வந்தபிறகு வெட்டிக்கொள்ளலாம்.