முகம் சிவந்தால் கோபமா?

கோலார் தங்கவயலில், ஊரிகத்துக் கடைத்தெருவில் தமிழும் கன்னடமும் தோளில் கைபோட்டு நடக்கின்றன. நமக்குச் செம்மண், அவர்களுக்குக் கெம்மண்ணு. நமது செந்தாமரை அங்கே கெந்தாவரெ. இ, எ போன்ற உயிர்கள் சேர்ந்த பழைய ககரம் தமிழில் பல சொற்களில் சகரமாகிவிட்டது. கன்னடம் அதை அப்படியே வைத்துக்கொண்டது. கன்னடத்தில் 'கெம்பு' என்றால் சிவப்பு. அதுவே மாணிக்கக் கல்லின் பெயராகத் தமிழுக்குள் நுழைந்து, நாட்டியக்காரர்களின் கெம்பு நகைகளில் உட்கார்ந்துவிட்டது. பிரிந்துபோன பங்காளி விருந்தாளியாக வந்த கதைதான்.

இந்தச் சிவப்பு படுத்தும் பாடு மொழிபெயர்ப்பவனுக்குத்தான் தெரியும். ஓர் ஆங்கிலக் கதையில், குளிரில் கன்னம் ரோஜா நிறமான பெண் ஒருத்தி வந்தாள். 'முகம் சிவக்க வந்தாள்' என்று எழுதிவிட்டேன். அடுத்த வரியில் அவள் சிரிக்கிறாள். "கோபமாக வந்தவள் ஏன் சார் சிரிக்கிறாள்?" என்றார் புரூஃப் பார்த்தவர். அவரைக் குறை சொல்ல முடியாது. கறுப்பும் சிவப்பும் வெகுளியைக் குறிக்கும் என்பதைத்தான் தொல்காப்பியர் உரியியலில் முதலில் சொல்கிறார். நிறத்தையும் குறிக்கும் என்பது அடுத்த சூத்திரம்!

மஞ்சளாக மின்னும் பொன்னைச் 'செம்பொன்' என்ற மொழி இது. செந்தாமரையும் பெரும்பாலும் இளஞ்சிவப்புதானே? 'செம்' என்பது ஒரு நிறமல்ல, ஒரு குடும்பம். அதில் ரோஜா நிறத்துக்கு மட்டும் தனிப் பாத்திரம் கிடையாது. 'இளஞ்சிவப்பு' பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டது. ஜவுளிக்கடையில் அது 'ரோஸ் கலர்', பிள்ளைகளுக்கு 'பிங்க்'.

ஹோமரின் காவியங்களில் விடியலுக்கு ரோஜா விரல்கள். தமிழில் என்ன செய்வது? நம் புலவர்கள் பெண்ணின் விரலுக்குக் காந்தளைச் சொன்னார்கள். ஆனால் காந்தள் தீயின் நிறம். விடியலுக்குக் கொஞ்சம் சூடு அதிகம். நான் தாமரைக்கே ஓட்டுப் போடுவேன். மாணிக்கத்துக்குப் பதுமராகம் என்று பெயர் வைத்தவர்கள் தாமரையின் நிறத்தைத்தானே கண்டார்கள்? வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். ரோஜாவும் நம் வீட்டுச் சொல் இல்லை.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கம் எடுத்தபின் கொட்டிய சயனைடு மேடுகள் வெளிறிய குன்றுகளாக நிற்கின்றன. அவற்றின்மேல் காலை வெயில் படும்போது சில நிமிடங்களுக்கு ஒரு நிறம் வருகிறது. செம்மை என்றால் அதிகம், ரோஸ் என்றால் மலிவு. டீக்கடையில் ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளியிடம் அதற்கு என்ன பேர் என்று கேட்டேன். "ஆறு மணி ஷிப்டுக்கு இறங்குறவனுக்கு அதைப் பார்க்க எங்கே சார் நேரம்?" என்றார்.