கல்லூரிக் காசில் அடங்கியவை

சென்ற இதழில் பிள்ளைகளின் பள்ளிக்கூட பஸ் பற்றி எழுதியிருந்தோம். இம்முறை கல்லூரி. நாங்கள் இருவருமே கல்லூரி வாசல் மிதிக்காதவர்கள். வன்னியில் ஆள்சேர்ப்புக்குப் பயந்து 2006 இல், பத்தொன்பது வயதில், எங்களுக்குக் கல்யாணம் முடித்துவைத்தார்கள். பதினொராம் வகுப்போடு நின்ற படிப்பு நின்றதுதான். இன்று ஒருவருக்குப் பிளாஸ்ரிக் பக்டரியில் இரவு வேலை, மற்றவருக்குப் பிஸ்கற் பக்டரியில் பகல் வேலை. ஆகவே எங்கள் மகளுக்கு 2025 செப்ரெம்பரில் ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு சிறிய கல்லூரியில் இடம் கிடைத்தபோது, எங்களுக்குத் தெரிந்த உதவி காசு கட்டுவது ஒன்றுதான்.

அந்த ரசீதில் படிப்புக் காசுக்குக் கீழே சின்னச் சின்னத் தொகையாகப் பல வரிகள் இருந்தன. மாணவர் சேவை, சுகாதாரம், மாணவர் சங்கம், காப்புறுதி. "சும்மா வெட்டுறாங்கள்" என்று சொல்லி மடித்து வைத்துவிட்டோம்.

ஒக்ரோபரில் தெரிந்த ஒருவர், "உங்கடை பிள்ளை பகலிலை வாசிகசாலையிலை இருக்கிறா, வகுப்பு இல்லையோ?" என்று கேட்டார். இரண்டு கிழமையாகக் காலையில் பஸ் ஏறி, கல்லூரிக்குப் போகாமல் மாலையில் திரும்பி வந்திருக்கிறாள். இரண்டு சோதனையில் சித்தியில்லை. அன்றிரவு நாங்கள் ஏசிய ஏச்சை இங்கே எழுத விருப்பமில்லை. எங்கள் முதுகைப் பற்றியும் எங்கள் காசைப் பற்றியுமே நிறையப் பேசினோம்.

அடுத்த நாள் மூவருமாகப் போனோம். இரவு வேலை முடிந்த கையோடு, பக்டரிச் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. சிறிய கல்லூரியில் ஒரு வசதி, எல்லாக் கந்தோரும் ஒரே நடைபாதையில் இருந்தன. மேசையில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னார்: மகளின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அவளுடைய படிப்பைப் பற்றி எங்களோடு ஒரு சொல்லும் பேச முடியாதாம். அப்பா அம்மா என்றாலும், காசு கட்டியவர்கள் என்றாலும் ஒன்றுதான். அது ஒன்ராறியோவின் தனியுரிமைச் சட்டம். எங்களுக்குக் கோபம் வந்தது. ஊரில் அதிபரைக் கண்டு பேசிவிட்டு வருவது போல நினைத்துப் போயிருந்தோம்.

மகள் படிவத்தில் கையெழுத்து வைத்தாள். பிறகு ஆலோசகர் எங்களைப் பார்க்காமல் அவளிடம் கேட்டார், வகுப்பில் எது கஷ்டம் என்று. அவள் ஆங்கிலத்தில் சொன்னாள், வலது காது கேட்பதில்லை என்று. பெரிய வகுப்பில் விரிவுரையாளர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் ஒன்றுமே விளங்குவதில்லையாம்.

நாங்கள் அதை முதன்முதலாகக் கேட்டது அந்த அறையில்தான்.

2009 இல் அவளுக்கு இரண்டு வயது. பங்கருக்குப் பக்கத்தில் செல் விழுந்த நாளிலா, பிறகு மெனிக் பாம் முகாமில் காதில் சீழ் வடிந்தபோதா, எப்போது போனதென்று இனி யாரும் சொல்ல முடியாது. வீட்டில் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். திமிர் என்று எத்தனை நாள் ஏசியிருப்போம்! பஸ்ஸில் வரும்போது, "ஏன் பிள்ளை எங்களிட்டைச் சொல்லேல்லை?" என்று கேட்டோம். "சொன்னா என்ன செய்திருப்பியள் அம்மா? அழுதிருப்பியள்" என்றாள்.

நடந்ததைச் சொல்கிறோம், உங்களுக்குப் பயன்படலாம். அதே நடைபாதையில் இயலாமை உள்ள மாணவர்களுக்கென்று ஒரு கந்தோர் இருக்கிறது. வைத்தியர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எதைச் செய்யக் கஷ்டம் என்பதே அதற்கு முக்கியம், நோயின் பெயரைச் சொல்லக் கட்டாயமில்லை. விரிவுரையாளர்களுக்குப் போகும் கடிதத்தில் என்ன செய்து கொடுக்க வேண்டும் என்றுதான் இருக்கும், ஏன் என்று இருக்காது. மகளுக்கு முன்வரிசை, குறிப்பு எழுதித் தரும் ஒரு மாணவர், விரிவுரையாளர் சட்டையில் குத்தும் சிறு ஒலிவாங்கி. ஒலிவாங்கி வர ஐந்து கிழமை எடுத்தது. ஆலோசகரும் கிழமைக்கு இரண்டு நாள்தான் வருகிறார், சிறிய இடத்தில் அது ஒரு குறை. ஆனால் இது தயவு அல்ல. ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டப்படி கல்லூரி செய்தாக வேண்டிய கடமை. கேட்கும் கருவி வாங்குவதென்றால் ஏ.டி.பி. என்னும் மாகாணத் திட்டம் ஒரு கருவியின் விலையில் 75 வீதத்தை, 500 டொலருக்கு மேற்படாமல், தருகிறது. சுகாதார அட்டை வேண்டும்.

ஓஸாப் கடனுக்கு நிரந்தர வதிவிட அட்டை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்ட நபர் ஆனவர்களும் விண்ணப்பிக்கலாம். வேலைத்தலத்தில் குடும்பத்துக்குக் காப்புறுதி இருந்தால், ரசீதிலுள்ள காப்புறுதிக் காசைப் பல கல்லூரிகளில் திருப்பிப் பெறலாம், ஆனால் செமஸ்ரர் தொடங்கியதும் சில கிழமைக்குள் கேட்க வேண்டும். எங்கள் 200 டொலருக்கு மேல் அப்படித்தான் போனது.

திகதிகளைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். படிப்பை விடுவதென்றால் வகுப்புத் தொடங்கி 10 நாளுக்குள் சொன்னால் கட்டிய காசில் பெரும்பகுதி திரும்பும். அதற்குப் பிறகு இன்னொரு திகதி உண்டு, அதுவரை ஒரு பாடத்தை விட்டால் சித்தியில்லை என்று பதியமாட்டார்கள். இது கல்லூரிக்குக் கல்லூரி வேறு. மகள் ஒரு பாடத்தை அந்தத் திகதிக்கு இரண்டு நாள் முன்பு விட்டாள். மற்றவற்றில் சித்தி. விட்ட பாடத்தைக் கோடையில் எடுக்கிறாள்.

சாப்பாட்டு மேசையில் இப்போது நாங்கள் அவளுக்கு இடப்பக்கம் இருக்கிறோம்.

அடுத்த இதழில் வேலைக் காயமும் நட்டஈட்டுப் படிவமும்.