குற்றால அருவிக்கு லீவு உண்டு... கங்கைக்கு ஏன் இல்லை?

ஜூன் பிறந்தால் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே கேள்விதான்: "குற்றாலத்துல தண்ணி விழுதா?" தென்மேற்குப் பருவமழை கைகொடுத்தால் பேரருவியும் ஐந்தருவியும் ஆர்ப்பரிக்கும். மழை சில நாள் முகம் திருப்பிக்கொண்டால் அருவி நூலாக மெலிந்துவிடும். கடும் கோடையில் போனால் வெறும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

ஆனால், பருவமழை எட்டிப் பார்க்காத கோடையிலும் இமயமலையின் கோமுகத்திலிருந்து கங்கைக்குத் தண்ணீர் வருகிறது. எப்படி? அந்த மலையில் ஒரு பெரிய சேமிப்புக் கணக்கு இருக்கிறது. சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரி பனியாறுதான் அது.

பனியாறு வேறு, கடலில் மிதக்கும் பனிப்பாறை வேறு. மலை உச்சியில் ஆண்டுக்கணக்கில் விழும் பனி, அடுக்கடுக்காக அழுந்தி, கெட்டிப் பனிக்கட்டியாகி, தன் எடையாலேயே மெல்ல மெல்லக் கீழே நகர்வதுதான் பனியாறு.

இந்தக் கணக்கில் வரவு மேலே, செலவு கீழே. உச்சியில் புதுப்பனி சேர்கிறது. அடிவாரத்தில் வெயிலில் உருகுகிறது. வரவு அதிகமானால் பனியாறு வளர்ந்து கீழே இறங்கும். செலவு அதிகமானால் அதன் முனை பின்வாங்கும். வேடிக்கை என்னவென்றால், முனை பின்வாங்கும்போதும் பனி கீழ்நோக்கித்தான் நகர்கிறது. மாதாமாதம் சம்பளம் வந்தும், செலவு கூடிப்போனால் கையிருப்பு கரைகிறதே... அதே கதைதான்!

இந்த வரவு செலவை எழுதவும் ஆள் இருக்கிறார்கள். இமாச்சலப் பிரதேசத்தின் சோட்டா ஷிக்ரி பனியாற்றை 2002 முதல் விஞ்ஞானிகள் ஆண்டுதோறும் அளந்து வருகிறார்கள். எதை வைத்துத் தெரியுமா? பனிக்குள் துளையிட்டு நட்ட மூங்கில் கழிகள்! உருக உருக, கழி வெளியே தெரியும். மேலே குழி வெட்டிப் புதுப்பனியை அளப்பார்கள். வரவு மிஞ்சிய ஆண்டுகளும் உண்டு. கூட்டிப் பார்த்தால் கணக்கு நஷ்டத்தில்தான் நிற்கிறது.

வளர்வதும் தேய்வதும் பனியாற்றின் இயல்புதான். பூமி சூடாவதால் இப்போது தேய்வது வேகமெடுத்திருக்கிறது. சேமிப்பை உடைத்தால் முதலில் கையில் காசு புரளும், பிறகு வறட்சிதானே? ஆறுகளிலும் முதலில் தண்ணீர் கூடும், பின்பு குறையும். உருகிய நீர், பனியாறு விட்டுச்சென்ற மண்மேட்டுக்குப் பின்னால் ஏரியாகவும் தேங்கும். 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைந்து, சுங்தாங்கில் தீஸ்தா ஆற்றின் அணையையே அடித்துச் சென்றது. பல உயிர்கள் போயின.

'பனியே இல்லாத குற்றாலத்துக்கு இதில் என்ன?' என்கிறீர்களா? நம் மலைக்கும் சின்னதாக ஒரு சேமிப்பு உண்டு. அதுதான் காடு. சருகும் வேரும் மண்ணும் மழையைப் பிடித்துவைத்து, ஊற்றாகக் கசியவிடுகின்றன. மழை விட்ட பிறகும் அருவி சில நாள் விழுவது அதனால்தான். ஆனால், ஒரேயடியாகக் கொட்டும் மழையை இந்தச் சின்னக் கணக்கால் முழுதாக வாங்கிக்கொள்ள முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் பாய்ந்த திடீர் வெள்ளம், 17 வயதுப் பையன் ஒருவனைப் பலிவாங்கியது.

எனவே, அருவியில் குளிக்கும்போது தண்ணீர் கலங்கினாலோ, இரைச்சல் திடீரெனக் கூடினாலோ, காவலர்கள் விசில் ஊதினாலோ உடனே வெளியேறிவிடுங்கள். "இன்னும் அஞ்சே நிமிஷம்" வேண்டாம்.

இமயத்தின் கணக்கைக் காப்பாற்ற உலகமே கைகோக்க வேண்டும். குற்றாலத்தின் கணக்கு நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. மேலே காடு நிற்கும்வரைதான் கீழே அருவி கொஞ்ச நாளாவது கூடுதலாக விழும்.