மகிழுந்தில் ஒட்டிய பொய்



கொஞ்சம் சினத்தோடுதான் இதனை எழுதுகிறேன். சினம் தணிந்தபின் எழுதலாம் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். அது தணியக் காணோம்.

நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ‘எங்கள் மகிழுந்து’ எனும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவன் மிக அழகாக எழுதியிருந்தான். ஒற்றுப்பிழை இல்லை; லகர ளகரத் தடுமாற்றமும் இல்லை. ‘எங்கள் மகிழுந்து டொயோட்டா வகையைச் சார்ந்தது’ என்பது அவனுடைய முதல் வரி. வகுப்பில் வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடிக்கும் முன்பே பின்னாலிருந்து ஒரு குரல்: “பொய் சார்! அது மைவி சார்!” வகுப்பே சிரித்தது. இவன் கண் கலங்கிச் சொன்னான்: “இல்ல சார், முன்னுக்கு டொயோட்டா சின்னம்தான் இருக்கு. எங்கப்பாதான் ஒட்டுனாரு.”

நான் என்ன செய்வது? மொழி சரி, கருத்து பிழை. ஆனால் அந்தப் பிழை அவனுடையதன்று. புள்ளிகளைக் குறைக்காமல், கட்டுரையின் கீழே ஒரு கோடு போட்டு, ‘உங்கள் மகிழுந்தின் பெயர் என்ன? அப்பாவிடம் கேட்டு எழுது’ என்று குறித்து அனுப்பினேன்.

அன்று மாலை பள்ளி வாயிலில் அந்த மகிழுந்தைப் பார்த்தேன். 2005-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்து, இந்நாட்டில் வீட்டுக்கு வீடு நின்ற அதே முதல் தலைமுறை மைவி. முன்பக்கம் டொயோட்டா சின்னம். பின்பக்கத்தில் ‘மைவி’ இருந்த இடத்தில் ‘பாஸ்ஸோ’. ஓட்டி வந்தவர் நல்ல மனிதர். பள்ளியில் கூட்டுப்பணி என்றால் மண்வெட்டியோடு முதலில் வந்து நிற்பவர். அவரிடம் நேரில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அதனால் எல்லாருக்கும் பொதுவாக எழுதுகிறேன். அவர் படித்தால் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். சின்னத்தின் மீது தலைமுடி உலர்த்தும் கருவியால் வெப்பக் காற்றைச் செலுத்தினால் உள்ளே இருக்கும் ஒட்டுநாடா இளகும். தூண்டில் நரம்பை இரண்டு கைகளிலும் சுற்றிக்கொண்டு, சின்னத்திற்கும் இரும்புத் தகட்டிற்கும் நடுவே மரம் அறுப்பதுபோல் இழுக்க வேண்டும். எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். மிச்சப் பசையைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுத்து, எரிசாராயத்தால் துடைத்துவிட்டு, கடையில் வாங்கி வந்த புதியதை அளவு பார்த்து ஒட்டினால் முடிந்தது. அரைமணி நேர வேலை. சில வண்டிகளில் சின்னத்தின் பின்னால் சிறு முளைகள் இருக்கும். அவை தகட்டுத் துளைகளில் பொருந்தி நிற்கும். புதிய சின்னத்திற்கு முளை இல்லையென்றால் அத்துளைகள் வழியே மழைநீர் இறங்கி, பூட் மூடி உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் செய்தவன்தான்.

ஆசிரியர் பயிற்சி முடித்து 2004-ஆம் ஆண்டில் வேலைக்குச் சேர்ந்த நான், முதல் சில மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கட்டி, 1995-ஆம் ஆண்டுப் புரோட்டோன் விரா ஒன்றைக் கைமாற்றாக வாங்கினேன். சிவப்பு நிறம். உடன் பயின்ற நண்பர்கள் இருவர் கூடவே வந்து, “இது உண்மையில் மிட்சுபிஷிதானே, சின்னத்தை மாற்றிவிடு” என்றார்கள். மாற்றினேன். முன்னால் மூன்று வைரச் சின்னம் வந்தது. பின்னால் ஒரு தொல்லை. ஒன்பது ஆண்டு வெயிலில் வண்டியின் சிவப்பு வெளுத்திருந்தது. எழுத்துகளுக்கு அடியில் மட்டும் வெளுக்கவில்லை. பிடுங்கிய பிறகும் ‘புரோட்டோன்’ என்னும் பெயர் கருஞ்சிவப்பாக அப்படியே நின்றது. ஆங்கிலத்தில் அது ஆறு எழுத்து; நான் ஒட்டியதோ பத்து எழுத்து. ஆறு எழுத்து நிழலின் மேல் பத்து எழுத்துப் பொய்! கிட்டே வந்தவர்கள் இரண்டையும் படித்தார்கள்.

தோட்டத்துக்கு ஓட்டிச் சென்றேன். என் தந்தையார் தோட்டத்தில் லாரி ஓட்டியவர். 1991-இல் அவர் வாங்கிய பழைய சாகாவில்தான் நாங்கள் ஆறு பேரும் தைப்பூசத்துக்குப் போவோம். அந்தக் காலத்துப் புரோட்டோன் சின்னம் பிறையும் பதினான்கு முனை விண்மீனும். வண்டியைக் கழுவும்போது அப்பா முதலில் துடைப்பது அதைத்தான். கண்ணாடியெல்லாம் அதற்குப் பிறகு. வாசலில் நின்ற என் விராவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “என்ன வண்டிப்பா இது?” என்று மட்டும் கேட்டார். விரா என்று சொல்லவும் வாய் வரவில்லை. மிட்சுபிஷி என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவர் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார்.

ஆகவே, இதனை ஒரு தூயவன் எழுதும் கண்டனமாகக் கொள்ள வேண்டா.

சின்னம் மாற்றுவோர் சொல்லும் முதல் வாதம், நண்பர்கள் எனக்குச் சொன்ன அதே வாதம்தான்: ‘உள்ளே இருப்பது அவர்கள் பொருள்தானே!’ உண்மைதான், மறுக்கவில்லை. 1985 சூலை 9-இல் வெளிவந்த முதல் சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயைத் தழுவியது. 2010-இல் வந்த இன்ஸ்பிரா, லான்சரேதான். 2016-இன் பெர்டானா பழைய ஹோண்டா அக்கோர்டிலிருந்து வந்தது. 2018-இன் எக்ஸ்70, சீனத்து ஜீலி நிறுவனத்தின் போயுவே. மைவியும் டைஹாட்சு பூன், டொயோட்டா பாஸ்ஸோ ஆகியவற்றோடு உடன்பிறந்ததே. இன்னும் ஒன்றை நானே எடுத்துக் கொடுக்கிறேன்: ரவாங்கில் செய்த மைவி, இந்தோனேசியாவில் டைஹாட்சு சிரியோன் என்ற பெயரில் விற்கப்பட்டது. நிறுவனமே பெயரை மாற்றும்போது நான் மாற்றினால் என்ன என்று கேட்கலாம்.

அங்கேதான் வேறுபாடு. நிறுவனம் பெயரை மாற்றும்போது பொறுப்பையும் சேர்த்து மாற்றுகிறது. சிரியோன் வாங்கிய இந்தோனேசியர், வண்டியில் குறை கண்டால் டைஹாட்சு நிலையத்தின் கதவைத் தட்டலாம். அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். உத்தரவாதத் தாளில் அந்தப் பெயர் இருக்கிறது. நீங்கள் டொயோட்டா சின்னம் ஒட்டிய மைவியை எந்த நிலையத்திற்குக் கொண்டு போவீர்கள்? பெரோடுவா நிலையத்திற்குத்தானே! பாகம் ஏதேனும் பழுதென்று திரும்ப அழைத்தால் கடிதம் யாரிடமிருந்து வரும்? சின்னம் என்பது வெறும் பளபளப்பன்று. ‘இதற்கு நான் பொறுப்பு’ என்று ஒருவர் இட்ட கையொப்பம். அதனைப் பிடுங்கிவிட்டு இன்னொருவர் கையொப்பத்தை நாம் போடுகிறோம். அதே வேலையை என் மாணவன் தேர்வு முடிவு அட்டையில் செய்தால் நான் பெற்றோரை அழைத்துப் பேசுவேன்.

‘என் வண்டி, என் பணம், சட்டம் தடுக்கிறதா?’ என்பது இரண்டாவது. பதிவெண் பலகையின் எழுத்தைச் சற்றே வளைத்தாலும் சாலைப் போக்குவரத்துத் துறை தண்டம் விதிக்கும். சின்னத்தைப் பொறுத்தவரை நான் சட்டத்தின் துணையை நாடவில்லை. போலிச் சின்னம் செய்து விற்பவர்தாம் 2019-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்திற்கு அஞ்ச வேண்டியவர். ஆனால் ஒன்று: வண்டியின் கிராணில் தயாரிப்பாளர் பெயர் மாறாமல் அப்படியே இருக்கிறது. விற்கப் போகும் நாளில் வாங்குபவர் அதைத்தான் படிப்பார். முன்பக்கத்து டொயோட்டாவுக்கு ஒரு வெள்ளி கூடத் தரமாட்டார். அப்படியானால் அந்தச் சின்னம் யாருக்காக? சாலையில் எதிரே வந்து மூன்று விநாடியில் மறையும் முகமறியாதவருக்காகவா? அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. அன்றாடம் அதைப் பார்ப்பது பின்னிருக்கையில் ஏறும் பிள்ளை ஒன்றுதான்.

இளைய ஆசிரியர்கள் சிலர் ஹோண்டா சிட்டியில் சிவப்பு ‘எச்’ ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். 1992-இன் என்எஸ்எக்ஸ்-ஆர் தொடங்கி டைப் ஆர் எனும் விரைவு வண்டிகளுக்கென ஹோண்டா வைத்த நிறம் அது. அதைக் கண்டால் எனக்குச் சினம் வருவதில்லை, சிரிப்புத்தான் வருகிறது. சொந்தப் பெயரை மறைக்கவில்லை. கொஞ்சம் மீசை முறுக்கியிருக்கிறார்கள். வயது அப்படி.

வண்டியை அழகுபடுத்துவதே தவறு என்பவனல்லன் நான். வேல் ஒட்டுங்கள். கழகச் சின்னம் பொருத்துங்கள். பெயர்ச் சின்னமே வேண்டாம் என்று வழித்தெடுத்து வெறுமையாக விடுங்கள், அதிலும் பொய்யில்லை. என் முன்னாள் மாணவியின் தந்தை ஒருவர், சரக்கு வேன் ஓட்டுபவர், மகளின் பெயரைத் தமிழில் வெள்ளி நிற எழுத்துகளாக வெட்டி வேனின் பின்கதவில் பொருத்த விரும்பினார். அந்தப் பெயரில் ழகரம் உண்டு. பலகைக் கடைச் சீனர் வெட்டிக் காட்டிய மாதிரியில் ழகரத்தின் சுழி எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. தந்தை அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கே வந்து, “சார், இது சரியா?” என்று கேட்டார். நான் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். மீண்டும் வெட்டினார்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு ழகரம் சரியான சுழியோடு ஓடுவதை எண்ணினால் இன்றும் எனக்கு மகிழ்ச்சிதான்.

இதையெல்லாம் பெரிதுபடுத்துவானேன் என்று கேட்பீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வாயிற்காவலர் அடையாளம் காண்பதற்காக, பள்ளியின் பெயர் தமிழிலும் மலாயிலும் பொறித்த வட்ட ஒட்டி ஒன்றை அச்சிட்டோம். முன்கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு தந்தை அதை அட்டையில் ஒட்டி, வாயிலில் எடுத்துக் காட்டிவிட்டு, வெளியேறியதும் இருக்கைக்கு அடியில் செருகிவிடுவார். காரணம் கேட்டேன். “கண்ணாடியில பசை பிடிச்சுக்கும் சார்” என்றார். தலைமுடி உலர்த்தியும் தூண்டில் நரம்பும் கொண்டு முன்னும் பின்னும் சின்னம் மாற்றியவர் அவர்! பசையை நீக்க அவருக்குத் தெரியாதாம்!

அவர் மகள் ஆறாம் ஆண்டில் பயில்கிறாள். பேரங்காடியில் யாரோ எந்தப் பள்ளி என்று கேட்டபோது, பக்கத்துத் தேசியப் பள்ளியின் பெயரைச் சொன்னாளாம். அவளுடைய தோழிதான் என்னிடம் வந்து சொன்னாள், குற்றம் சாட்டும் குரலில் இல்லை, அதுதான் வழக்கம் என்பதுபோல. அந்தப் பெண் நன்றாகப் படிப்பவள். திருக்குறள் ஒப்புவிக்கும் போட்டியில் பள்ளிக்குக் கேடயம் வாங்கித் தந்தவள். அவளுக்குப் பள்ளியின் மீது வெறுப்பில்லை. இருக்கைக்கு அடியில் செருக வேண்டிய பெயர் எது, வெளியே காட்ட வேண்டிய பெயர் எது என்பதை அவள் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள், அவ்வளவே.

ஆசிரியர்களே, நம்மையும் விட்டுவைக்க இயலாது. தமிழ்ப்பள்ளியில் சம்பளம் வாங்கிக்கொண்டு, காலையில் சொந்தப் பிள்ளையை வேறு பள்ளி வாயிலில் இறக்கிவிட்டு வருகிறோமே சிலர், அது எந்தச் சின்னம்? என் இரண்டு பிள்ளைகளும் தமிழ்ப்பள்ளியில் பயின்றவர்கள் என்பதால் மட்டுமே இந்தக் கேள்வியைக் கேட்கத் துணிந்தேன். இதற்குக் கோபப்படுவோர் படட்டும்.

என் விராவுக்குத் திரும்புகிறேன். அப்பா கேட்ட கேள்விக்குப் பின் மூன்று மாதம் பொறுத்தேன், பிறகு கழற்றினேன். பழைய சின்னத்தை எப்போதோ குப்பையில் எறிந்திருந்தேன். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடையில் தேடி, வேறு ஏதோ ஒரு விராவிலிருந்து கழற்றிய பிறையையும் விண்மீனையும் எட்டு வெள்ளிக்கு வாங்கினேன். நிழலின் மேலேயே எழுத்துகளை ஒட்டியதால் அளவெடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. முன்சின்னம் மட்டும் சற்றுக் கோணலாக அமைந்துவிட்டது. 2011-இல் விற்கும் வரை கோணலாகவே ஓடியது.

மைவிக்காரரே, பெரோடுவா சின்னம் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். தூண்டில் நரம்பின் ஒரு முனையை அவன் பிடித்துக்கொள்ளட்டும். வேண்டுமானால் நானும் வருகிறேன், எனக்குப் பழக்கம் உண்டு.

அந்தக் கட்டுரைப் புத்தகம் திங்கட்கிழமை திரும்பி வந்தது. பெற்றோர் கையொப்பம் இருந்தது. நான் போட்ட கோட்டின் மேல் ஒன்றும் எழுதப்படவில்லை. பையனிடம் கேட்டேன். “அப்பா அப்புறம் சொல்றேன்னாரு சார்” என்றான். புத்தகம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.